மாதுளையும் மணியும்

தமிழில் காதணிக்குப் பெயர்கள் பல. தோடு, ஓலை, குழை, கொப்பு என்னும் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். தோடு என்பது பூவின் இதழ். ஓலை என்பது பனையின் இலை. குழை என்பது தளிர். கொப்பு என்பது மரக்கிளை. நம் முன்னோர் பனையோலையைச் சுருளாக்கிக் காதில் செருகினர். பூவையும் தளிரையும் அணிந்தனர். காலப்போக்கில் பொன்னும் மணியும் வந்தன. அணியின் பொருள் மாறிற்று; பெயர் மாறவில்லை. இன்று கடைக்குச் சென்று வைரத்தோடு கேட்கும் பெண், தன்னை அறியாமலே ஒரு பூவிதழின் பெயரைச் சொல்லிக் கேட்கிறாள்.

மாங்காய் மாலையும் தாழம்பூக் கரையும் மயில்கண் கரையும் இவ்வாறு வந்தவையே. தன்னை அழகுபடுத்திக்கொள்ள எண்ணிய போதெல்லாம் மனிதன் மரத்தையும் கொடியையும் பறவையையும் நாடிச் சென்றிருக்கிறான். உலகெங்கும் உள்ள வழக்கம் இது. ஆயினும் இந்த வழக்கத்துக்குள் ஓர் அறக்கேள்வி மறைந்து கிடக்கிறது. இயற்கையிடமிருந்து வடிவத்தை எடுத்துக்கொள்பவர் அந்த இயற்கைக்கு ஏதேனும் கடன்படுகிறாரா? பறவையின் இறகைப் பையில் தைப்பவருக்கும், அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொள்பவருக்கும், அப்பறவை உயிரோடு இருப்பதில் பொறுப்பு உண்டா? கேட்பவர்க்கு இது அற்பமாகத் தோன்றலாம். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் மக்களுக்கு இது அற்பமன்று.

மறைநூல் காட்டும் அணிகலன்

அணிகலன் என்றாலே ஆடம்பரம் என்று கருதும் பக்தர்கள் நம்மிடையே உண்டு. விவிலியம் அப்படிக் கருதவில்லை. தலைமைக் குரு ஆரோனுக்கு உடை தைக்கும் முறையை ஆண்டவரே மோசேக்குச் சொல்கிறார். அங்கியின் கீழ்விளிம்பைச் சுற்றிலும் நீலம், கருஞ்சிவப்பு, சிவப்பு நூல்களால் மாதுளம்பழ வடிவங்கள் அமைய வேண்டும். இரண்டு மாதுளைகளுக்கு இடையே ஒரு பொன்மணி தொங்க வேண்டும் (விப 28:33-34). திருக்கூடாரத்தின் விளக்குத் தண்டு வாதுமைப் பூ வடிவில் அமைகிறது (விப 25:31-36). சாலமோன் கட்டிய கோவிலின் தூண்களில் லீலி மலர்களும் மாதுளைகளும் நிறைந்திருக்கின்றன (1 அர 7). இவ்வேலைகளுக்குப் பொறுப்பேற்ற பெசலேல் என்னும் கைவினைஞரைக் கடவுள் தம் ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது (31:1-5). அரசருக்கும் போர்வீரருக்கும் முன்னதாக, தச்சும் நெசவும் பொன்வேலையும் அறிந்த ஒரு தொழிலாளிக்கு இந்தப் பெருமை கிட்டியது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அதே விவிலியத்தில் இறைவாக்கினர் எசாயா, எருசலேம் மகளிரின் சிலம்புகள், பிறைவடிவ அணிகள், காதணிகள், கைவளைகள், மோதிரங்கள் என நீண்ட பட்டியலிட்டு, ஆண்டவர் இவற்றையெல்லாம் களைந்துவிடுவார் என்று எச்சரிக்கிறார் (எசா 3:18-23). ஓரிடத்தில் அணியைத் தைக்கச் சொன்ன கடவுள் மற்றோரிடத்தில் ஏன் சினம் கொள்கிறார்? பட்டியலுக்குச் சற்று முன்னுள்ள வசனங்களைப் படித்தால் விடை தெளிவாகும். எளியோரிடமிருந்து கொள்ளையடித்த பொருள் உங்கள் வீடுகளில் இருக்கிறது என்று ஆண்டவர் மூப்பர்களையும் தலைவர்களையும் குற்றம் சாட்டுகிறார் (எசா 3:14-15). அந்தப் பிறையணியின் வடிவத்தில் தவறில்லை. அது எங்கிருந்து வந்தது, யாரை நசுக்கி வந்தது என்பதிலேயே தவறு.

ஆண்டவர் இயேசு இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். காட்டுச் செடியின் மலரையும் சாலமோனின் அரச உடையையும் ஒப்பிட்டு, மலரே மேலானது என்று தீர்ப்பளிக்கிறார் (மத் 6:28-29). பூவைப் பார்த்து நாம் நெய்த துணி எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்தப் பூவுக்குக் கீழ்ப்பட்டதே. மூலம் நகலைவிடப் பெரிது. அணிகலன் குறித்த கிறிஸ்தவ அறநெறிக்கு இதைவிட உறுதியான அடித்தளம் வேண்டியதில்லை.

கலை எதைப் பின்பற்றுகிறது?

கலை இயற்கையைப் பின்பற்றுகிறது என்பது அரிஸ்டாட்டில் காலம் தொட்டு வரும் கோட்பாடு. குருமடத்தில் மெய்யியல் பயில்வோர் இதைத் தொடக்கத்திலேயே கற்கின்றனர். ஆனால் புனித தோமா அக்குவினார் இக்கோட்பாட்டுக்குத் தரும் நுட்பமான விளக்கம் பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. கலை இயற்கையைப் பின்பற்றுவது தோற்றத்தில் அன்று, அதன் செயல்பாட்டில் என்கிறார் அவர். அதற்கு மருத்துவத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறார். உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் வழியை அறிந்து, அவ்வழியிலேயே மருத்துவர் உதவுகிறார். உடலின் படத்தை வரைவது மருத்துவமாகாது. உடல் இயங்கும் முறைக்குத் துணை நிற்பதே மருத்துவம்.

இந்த விளக்கத்தை அணிகலன் வேலைக்குப் பொருத்திப் பார்ப்போம். எண்ணூருக்கு வடக்கே, மகிமை மாதா திருத்தலம் அமைந்த பழவேற்காட்டில், பெண்கள் பனையோலையால் பெட்டியும் பையும் முடைகிறார்கள். அந்தப் பைகளில் காணும் கட்டங்களும் கோணங்களும் யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியவை அல்ல. ஓலை நேராகக் கிழியும். ஒரு பக்கமாக மடியும். காய்ந்தால் முறியும், ஈரப்பதத்தில் வளையும். அந்த இயல்புக்கு விரல்கள் இணங்கிச் செல்லும்போது கோலம் தானாகவே பிறக்கிறது. பனையின் படம் அந்தப் பையில் இல்லை, பனையே இருக்கிறது. மறுபுறம், தோற்றத்தை மட்டும் பின்பற்றும் வேலையும் உண்டு. நெகிழியில் வார்த்த ரோசாப்பூ அதற்குச் சான்று. அது வாடாது, மணக்காது, மண்ணோடு சேராது. ரோசாவின் தோற்றம் முழுவதும் அதில் இருக்கிறது. ரோசாவின் வாழ்வு ஒரு துளியும் இல்லை.

இக்கரையின் பழைய கைவேலை

இயற்கையைத் துணியில் ஏற்றுவதில் சோழமண்டலக் கடற்கரை ஒரு காலத்தில் உலகுக்கே வழிகாட்டியது. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் பின்னர் சென்னையில் காலூன்றிய ஆங்கிலேயர்களும் முதன்மையாகத் தேடி வந்தது இங்குள்ள துணிகளையே. திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டை. இராயபுரத்தை ஒட்டிய வண்ணாரப்பேட்டையின் பெயர், கும்பெனியாரின் துணிகளை வெளுத்த தொழிலாளரை இன்றும் நினைவூட்டுகிறது. வேலைப்பாடு மிக்க பூத்துணிகள் இக்கடற்கரையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. அங்குள்ள நெசவாளர்கள் தங்கள் பிழைப்புக்கு அஞ்சியதால், 1686இல் பிரான்சும் அதன்பின் இங்கிலாந்தும் அவற்றுக்குத் தடை விதிக்க நேர்ந்தது.

அந்தப் பூக்கள் எப்படித் துணியில் பூத்தன? துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரால் பூவை வரைவார்கள். பின்பு சாயவேர் இட்டுக் கொதிக்கும் நீரில் துணியை அமிழ்த்துவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சாயம் நிலைக்கும். மற்ற இடங்களைச் சாணமும் தண்ணீரும் வெயிலும் நாள்கணக்கில் வெளுத்துத் தரும். நீலம் ஏற்றும்போது, நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மறைப்பார்கள். ஆக, பூவின் உருவம் மட்டும் அன்று, வேரும் காயும் பாலும் ஆற்றுநீரும் சூரியனும் அந்தத் துணியில் பங்காளிகள். நீர் கெட்டால் நிறம் கெடும் என்பதை அறிந்திருந்த தொழில் அது. ஆற்றைக் காக்காமல் அந்தப் பூவை வரையவே முடியாது.

இவ்வரலாற்றில் நம் திருச்சபைக்கும் ஒரு பக்கம் உண்டு. புதுச்சேரி மறைப்பணித்தளத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி கேர்து, 1742இல் பிரான்சுக்கு எழுதிய மடலில் சாயமேற்றும் முறையைப் படிப்படியாக விவரித்தார். அத்தொழிலில் தேர்ந்த, புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்களைத் தனித்தனியாக விசாரித்து அறிந்தவை இவை என்று அவரே குறிப்பிடுகிறார். நுட்பம் அவர்களுடையது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அந்தத் தொழிலாளருள் ஒருவர் பெயரும் உலகுக்குத் தெரியவில்லை. 1759இல் பிரான்சில் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே பாரிசுக்கு அருகில் ழூயி என்னும் ஊரில் பூத்துணி அச்சிடும் புகழ்பெற்ற ஆலை எழுந்தது. தெலுங்கு மொழியை ஆழ்ந்து கற்று இம்மண்ணிலேயே 1779இல் உயிர்நீத்த அந்தத் துறவியின் உள்ளத்தை நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. ஆனால் பூவுக்குக் கடன்படுவது போலவே பூவைத் தீட்டிய கைக்கும் கடன்படுகிறோம் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று. கையின் பெயரை மறந்துவிட்டு, கைவேலையை மட்டும் எடுத்துச் செல்வது எளிது. அது இன்றும் நடக்கிறது.

கூழைக்கடாவின் இறகு

இன்று நம் கரையின் நிலை என்ன? 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணல் துறைமுகச் சுவரில் தடைபட்டது. தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்துப் போயிற்று. கருங்கற்களைக் கொட்டியே குடியிருப்புகளைக் காக்க வேண்டியதாயிற்று. மணலைப் பற்றிப் படரும் அடும்பங்கொடி, ஊதாப் பூவும் ஆட்டுக் குளம்பு போன்ற இரட்டை இலையும் உடையது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தின் அணிகலன் அது. மணல் போன இடத்தில் கொடியும் போயிற்று. அடும்பம்பூவை ஒரு சேலைக் கரையில் வரைய இன்று யாரேனும் விரும்பினால், கருங்கல் கொட்டிய கரையில் அதைத் தேட முடியாது. மணல் எஞ்சியுள்ள வேற்றிடத்துக்குச் செல்ல வேண்டும், அல்லது முதியவர்களின் நினைவில் தேட வேண்டும்.

2017 சனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மக்கள் வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கொசத்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் கண்டல் மரங்களின் வேர்களும் கறுத்தன. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் படிந்து நின்றன. பறக்கும் பறவையின் இறகு நனையாமல் இருப்பது இயற்கையின் வேலைப்பாடு. இழையோடு இழை கோத்த அந்த நெசவை எண்ணெய் குலைத்துவிடும்.

இதற்குச் சில மாதங்களுக்குப் பின், எண்ணூரை ஒட்டிய மீனவக் குடியிருப்பு ஒன்றில், சுடுமண் காதணியும் சணல் பையும் செய்யும் மகளிர் குழுவைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. எல்லாவற்றிலும் தாமரையும் மயிலும். வியாபாரி கொடுத்த படத்தைப் பார்த்து அச்சுப் பிசகாமல் செய்திருந்தார்கள். "உங்கள் முகத்துவாரத்தில் கண்டல் இலை இருக்கிறது, கூழைக்கடா இருக்கிறது. அவற்றை ஏன் வரைவதில்லை?" என்று கேட்டேன். ஓர் இளம்பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"தாமரையும் மயிலும்தான் விக்குது, ஃபாதர். எங்க ஊரு இலைய யாரு காதுல மாட்டிக்குவாங்க?" என்றார். சற்று நேரம் கழித்து, கையிலிருந்த களிமண்ணை உருட்டியபடியே, "கூழைக்கடாவ எனக்கு நல்லா வரைய வரும். ஆனா நெனச்சாலே எண்ணெயோட நின்னதுதான் கண்ணுல வருது. எங்க அப்பா வலையும் அன்னிக்கித்தான் போச்சு" என்றார்.

இந்த மறுமொழியில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. ஒன்று, வறியவருக்கு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவு. வாங்குபவரின் விருப்பமே அவர் கையை நடத்துகிறது. மற்றொன்று இன்னும் ஆழமானது. காயமுற்ற ஒன்றை அணிகலனாக்க மனம் கூசுகிறது. அந்தக் கூச்சம் ஒரு மரியாதை. தன் கண்முன் துன்புற்ற பறவையை வெறும் அலங்காரமாக்க அந்தப் பெண் மறுக்கிறார். இயற்கையின் வடிவத்தை எடுத்துக்கொள்வோர் எல்லாருக்கும் இந்தக் கூச்சத்தில் சிறு பங்காவது இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

யாருடைய கடன்?

அணிகலன் செய்வோர் பாவம் செய்கிறார்களா என்ற கேள்வியைப் புனித தோமா அக்குவினாரும் எடுத்துக்கொண்டிருக்கிறார். நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடிய பொருளைச் செய்யும் தொழில் தன்னிலே பாவமன்று என்பது அவர் முடிவு. தேவைக்கு மிஞ்சிய விநோதங்களைப் புதிது புதிதாகப் புனைவோரை மட்டும் அவர் எச்சரிக்கிறார். தாமரைத் தோடு செய்து தன் வீட்டு அடுப்பை எரிய வைக்கும் பெண்ணின் மீது எந்தப் பழியும் இல்லை. அவர் வடித்த தாமரை பொய்யுமன்று. அது அவருடைய அன்றாட உணவு.

அப்படியானால் கடன் யாருடையது? எடுத்துக்கொள்வதில் மிகுதியான பயன் யாருக்கோ, கடனிலும் மிகுதியான பங்கு அவருக்கே. பறவையின் வடிவத்தை விற்று வளம் பெறும் வணிகர், ஆற்றைக் குப்பைத்தொட்டியாக்கித் தொழில் நடத்துவோர், விலை மலிவு என்பதற்காகவே வாங்கும் நாம் ஆகிய எல்லாரும் அந்தப் பட்டியலில் முன்னே நிற்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க இயலாது என்று கற்பித்தார். எண்ணூரில் இது கோட்பாடு அன்று. பறவையின் இறகிலும் மீனவரின் வலையிலும் படிந்தது ஒரே எண்ணெய்.

"காதணியில் கண்டல் இலையை வரைந்தால் ஆறு தூய்மையாகிவிடுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது. ஆற்றைத் தூய்மையாக்கச் சட்டமும் கண்காணிப்பும் மக்களின் ஒன்றுபட்ட குரலும் வேண்டும். ஆனால் ஒன்றை வரைய வேண்டுமானால் முதலில் அதை உற்றுப் பார்க்க வேண்டும். உற்றுப் பார்ப்பவருக்கு அதன் பெயர் தெரியவரும். பெயர் தெரிந்த ஒன்று அழிவதைக் கண்டும் காணாமல் இருப்பது கடினம். வியாபாரியின் படத்திலிருந்து வரும் தாமரை நம்மை எந்தக் குளத்துக்கும் அழைத்துச் செல்வதில்லை. கண்டல் இலையோ பார்ப்பவரை முகத்துவாரத்துக்கு அழைத்துச் செல்லும். இறால் குஞ்சுகள் அதன் வேர்களிடையே வளர்வதையும், அலையின் வேகத்தை அது தணிப்பதையும், அது குறைந்தால் அடுப்பில் என்ன குறையும் என்பதையும் சொல்லும்.

நம் பங்குகளும் தம் கடனைத் தீர்க்கச் சில எளிய வழிகள் உண்டு. பீடத்தில் நெகிழிப் பூக்களை வைப்பதை விட்டுவிடலாம். வழிபாட்டுப் பொருள்களில் உண்மைத்தன்மை வேண்டும் என்பது திருச்சபையின் நெறியே. ஒரு செம்பருத்தி போதும். திருவிழாக் கடைகளில் கைவேலைப் பொருள் வாங்கும்போது பேரம் பேசுமுன், அதைச் செய்தவர் பெயரைக் கேட்கலாம்; அது எந்தப் பூ, எந்தப் பறவை என்றும் கேட்கலாம். வாங்குவோர் தங்கள் ஊர் இலையை விரும்பிக் கேட்டால், செய்வோரும் அதை அஞ்சாமல் வரைவார்கள். இராயப்பரின் பெயர் தாங்கிய இராயபுரத்திலும் அதற்கு வடக்கேயும் உள்ள நம் மக்களுள் பலர் வலையோடும் படகோடும் வாழ்ந்து வந்தவர்கள். அவர்களுடைய கடற்கரைக்காகவும் முகத்துவாரத்துக்காகவும் எழும் குரலில் பங்குப் பேரவைகளின் குரலும் சேர வேண்டும். இயற்கையை அணிந்துகொண்டு இயற்கைக்காக வாய் திறவாதிருப்பது, அழகிய வகையில் செய்யப்படும் நன்றிகேடு.

ஆரோனின் அங்கியை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். அதன் விளிம்பில் மாதுளை மட்டும் இல்லை. ஒரு மாதுளைக்கு ஒரு மணி என்று ஆண்டவர் கணக்கிட்டுச் சொன்னார். குரு திருத்தூயகத்தினுள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அந்த மணியோசை கேட்க வேண்டும். இல்லையேல் அவர் உயிர்பிழையார் என்றும் எச்சரித்தார் (விப 28:35). படைப்பின் வடிவத்தை உடலில் தரித்துக்கொண்டு கடவுள் திருமுன் செல்பவர் ஓசையின்றிச் செல்லலாகாது. நம் தோடுகளிலும் கரைகளிலும் பைகளிலும் மாதுளைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே மணிகள் ஒலிக்கின்றனவா?